ஆசிரியருக்குக் கடிதம்: 24 நிறப் பெட்டிக்கு முன்னால் நல்ல தாள் வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமுதாயப் பள்ளிகளில் சிறுவர் ஓவிய வகுப்பு தொடங்குவோருக்கும், அதற்குப் பொருள் வாங்கித் தர முன்வருவோருக்கும் உதவியாகத் தங்கள் நாளிதழ் வெளியிட்ட பட்டியலைப் படித்தோம். நல்ல எண்ணத்தோடு போடப்பட்ட பட்டியல்தான். ஆனால் 24 நிறப் பெட்டி, மெல்லிய டிராயிங் நோட்டு, பூஜ்யம் எண்ணிலிருந்து தொடங்கும் 12 பிரஷ், அக்ரிலிக் டியூப், கையகல கேன்வாஸ் என்று போகும் அதை அப்படியே வாங்கிக் கொடுத்தால், ஒரு மாதத்துக்குள் பாதிப் பிள்ளைகள் "எனக்குப் பெயின்டிங் வராது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். சிறுவர்களுக்கு வண்ணம் தீட்டக் கற்றுத்தரும் ஆசிரியர்களாகிய நாங்கள் சிலர் சேர்ந்து, அந்தப் பட்டியலில் எதை மாற்ற வேண்டும், ஏன் மாற்ற வேண்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

சமுதாயப் பள்ளி என்றால் பெரும்பாலும் நிலைமை இதுதான். வகுப்பறை வேறொருவருடையது. நேரம் ஒரு மணி. பிள்ளைகள் இருபது பேர், வயது ஐந்திலிருந்து பன்னிரண்டு வரை கலந்து இருப்பார்கள். ஆசிரியர் ஒருவர், கூடவே ஒரு தன்னார்வலர். தண்ணீர்க் குழாய் நடைக்கு அப்பால் எங்கோ இருக்கும். பொருளும் முறையும் இந்த நிலைமைக்குப் பொருந்த வேண்டும். ஓவியக் கல்லூரி மாணவரின் பெட்டியைச் சின்னதாக்கிக் கொடுத்தால் அது சிறுவர் பெட்டி ஆகிவிடாது.

முதலில் தாள். எங்களைக் கேட்டால் பணத்தில் பெரும்பகுதி இங்கேதான் போக வேண்டும். தங்கள் நாளிதழின் பழைய பிரதிகள் எங்களுக்கு மேசை விரிப்பாகப் பயன்படுகின்றன (கோபித்துக்கொள்ளாதீர்கள், அதைவிட நல்ல விரிப்பு கிடையாது). அச்சுத்தாள் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 45 கிராம்; தண்ணீர் பட்டதும் உறிஞ்சிவிடும். சிந்தியதைக் குடிப்பதற்கு அந்தக் குணம் அருமை. ஓவியம் தீட்டும் தாளுக்கு அதே குணம் கேடு. நல்ல ஓவியத் தாளில் தயாரிப்பின்போதே ஒருவகைப் பசை சேர்த்திருப்பார்கள். அது தண்ணீரைக் கொஞ்ச நேரம் மேலேயே நிறுத்தி வைக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் பிள்ளை வண்ணத்தை நகர்த்தவும் கலக்கவும் துடைத்தெடுக்கவும் முடியும். மெல்லிய டிராயிங் நோட்டுத் தாளில் பிரஷ் வைத்த இடத்திலேயே வண்ணம் இறங்கிவிடும். பிள்ளை மறுபடி தேய்க்கும், தாள் நார் நாராக உருண்டு எழும்பும், நடுவில் ஓட்டை விழும்.

கடையில் வாங்கும்போதே சோதித்துவிடலாம். தாளின் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து ஒரு நிமிடம் காத்திருங்கள். சொட்டு உருண்டையாகவோ பளபளப்பாகவோ மேலேயே நின்றால் தாள் தேறும். பின்பக்கம் ஈரம் தெரிந்தால் வேண்டாம். கனத்துக்கு ஜிஎஸ்எம் எண்ணை, அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதைப் பாருங்கள்: போஸ்டர் கலருக்கு 150-க்குக் குறையாமல், முடிந்தால் 200, நிறையத் தண்ணீர் விட்டு வாட்டர்கலர் செய்வதென்றால் 300. உறையில் எண் இல்லையென்றால் அல்லது எண்ணில் சந்தேகம் இருந்தால் தராசு போதும். ஏ4 தாள் ஒன்று சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே 16 ஏ4 தாளை நிறுத்தால் வரும் கிராம்தான் ஜிஎஸ்எம். 200 என்று எழுதிய கட்டில் 16 தாள் 130 கிராம்தான் நிற்கிறது என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அளவில் ஏ3 எடுங்கள். ஆறு வயதுப் பிள்ளை கையை முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் அசைத்துத்தான் தீட்டும். ஏ4-இல் அந்த அசைவுக்கு இடமில்லை. கையகல கேன்வாஸில் சுத்தமாக இல்லை.

நல்ல தாளும் ஈரம் பட்டால் நெளியும். நார் ஈரத்தில் உப்பி விரிய, நனைந்த பக்கம் மட்டும் பெரிதாகிறது. பள்ளங்களில் வண்ணம் தேங்கி, காய்ந்ததும் கரையில் கறுத்த கோடு விழும். அதைத் தடுக்க, தாளை ஒரு கெட்டி அட்டையில் வைத்து நான்கு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்ட வேண்டும். தாள் மேல் அரை அங்குலம், அட்டை மேல் அரை அங்குலம். மூலைகளில் மட்டும் ஒட்டினால் பயனில்லை. நடுவில் காற்றடைத்த மாதிரி தூக்கிக்கொள்ளும். டேப்பை உரிப்பது முழுக்கக் காய்ந்த பிறகுதான். படத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்த்து மெதுவாக இழுக்க வேண்டும். டேப் அதிகம் பிடிக்கிற ரகமானால், தாளில் ஒட்டுவதற்கு முன் ஒருமுறை துணியில் ஒட்டி எடுத்தால் பிசுக்கு குறையும். டேப்பை உரித்ததும் படத்தைச் சுற்றி ஒரு வெள்ளைச் சட்டம் தெரியும் பாருங்கள், அதற்காகவே சில பிள்ளைகள் அடுத்த வாரம் வருவார்கள்.

அடுத்து நிறம். 24 குப்பி கொண்ட பெட்டியில் குப்பி ஒன்றுக்கு 15 மில்லி என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 360 மில்லி. அதில் கலப்புக்கு உண்மையில் தேவைப்படுவது ஆறு நிறம், அதாவது 90 மில்லி. மீதிப் பதினெட்டும் யாரோ முன்பே கலந்து வைத்த பச்சை, ஊதா, பழுப்பு, ரோஜா வகைகள். பச்சைக் குப்பி கையில் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் பச்சையைக் கலந்து பார்க்காது. இருபது மரமும் ஒரே பச்சையில் வரும். மஞ்சளும் வெள்ளையும் இரண்டாவது வகுப்பிலேயே தீர்ந்துவிடும். டர்க்காய்ஸ் மட்டும் ஆண்டு முடிவில் குப்பியோடு இறுகிக் கிடக்கும்.

நாங்கள் சொல்லும் ஆறு: லெமன் எல்லோ, வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரைன் புளூ, பிரஷ்யன் புளூ, வெள்ளை. பிரஷ்யன் கிடைக்காத இடத்தில் தாலோ புளூ. கறுப்பு வேண்டாம், காரணம் பின்னால் வரும். இரண்டு பிள்ளைக்கு ஒரு பேலட் (வண்ணம் வைத்துக் கலக்கும் குழித் தட்டு) என்றால் இருபது பேருக்குப் பத்து பேலட். ஒவ்வொன்றிலும் மஞ்சளும் வெள்ளையும் தலா இரண்டு தேக்கரண்டி (10 மில்லி), வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரைன் தலா ஒரு தேக்கரண்டி, பிரஷ்யன் அரைத் தேக்கரண்டி. ஒரு வகுப்புக்கு மஞ்சள் 100 மில்லி, வெள்ளை 100, அந்த மூன்றும் தலா 50, பிரஷ்யன் 25. மாதம் நான்கு வகுப்பென்றால் மஞ்சளும் வெள்ளையும் அரை லிட்டர் பாட்டிலிலும் மற்றவை கால் லிட்டரிலும் வாங்கினால் சரியாக இருக்கும். பேலட்டுக்குத் தனிச் செலவு எதற்கு? பனிக்கட்டித் தட்டு, பிளாஸ்டிக் மூடி எதுவும் ஆகும். ஆனால் எல்லாப் பேலட்டிலும் நிறங்களின் வரிசை ஒன்றாகவே இருக்கட்டும். இதற்கும் ஒரு காரணம் உண்டு, சொல்கிறோம்.

இரண்டு சிவப்பு, இரண்டு நீலம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சோதனை. வெர்மிலியனையும் பிரஷ்யனையும் கலந்து ஊதா வருமா பாருங்கள். வராது. அழுக்குப் பழுப்பு வரும். "சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா" என்று புத்தகத்தில் படித்த பிள்ளை, தான்தான் தப்பு செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்ளும். வெர்மிலியன் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு; நீல, ஊதா ஒளியை அது விழுங்கிவிடுகிறது. பிரஷ்யன் பச்சைப் பக்கம் சாய்ந்த நீலம். அது சிவப்பு ஒளியை விழுங்குகிறது. ஒன்று விட்டதை மற்றொன்று தின்றால் மிஞ்சுவது மங்கல்தான். கிரிம்சனும் அல்ட்ராமரைனும் இரண்டுமே ஊதாப் பக்கம் சாய்ந்தவை. அவற்றைக் கலந்தால் ஊதா வரும். பிள்ளைகளிடம் ஒளி, உறிஞ்சல் என்று விரிவுரை வேண்டாம். நான்கு ஜோடியையும் அவர்களே கலந்து நான்கு கட்டத்தில் தீட்டட்டும். எந்த ஜோடி ஊதா என்று அவர்களே கைநீட்டிச் சொல்வார்கள். தோற்றுப்போன அந்தப் பழுப்பைக் கொட்டிவிட வேண்டாம், அடுத்த வகுப்பில் வேலை இருக்கிறது.

பச்சையில் வேறு சிக்கல். பிரஷ்யன் நீலத்துக்கு வீரியம் மிக அதிகம். நீலத்தை முதலில் வைத்து அதில் மஞ்சளைச் சேர்க்கத் தொடங்கினால் பாட்டில் மஞ்சளும் போய்விடும், நிறம் நீலத்திலேயே நிற்கும். மஞ்சளை முதலில் போட்டு, பிரஷ் நுனியால் நீலத்தைத் தொட்டுத் தொட்டு வர வேண்டும். ஒரு தொடுகைக்கு ஒரு பச்சை. ஒவ்வொன்றையும் தாளில் ஒரு புள்ளியாக வைக்கச் சொன்னால் ஆறேழு பச்சை வரிசையாக நிற்கும். வெளிர் நிறத்தில் அடர்நிறத்தைச் சேர்ப்பது என்ற இந்த ஒரு பழக்கம் படிந்தாலே வண்ணச் செலவு கணிசமாகக் குறையும்.

கறுப்பைத் தள்ளச் சொன்னதன் காரணம் இதுதான். கறுப்பு கையில் இருந்தால் நிழல் வேண்டிய இடமெல்லாம் பிள்ளைகள் அதைச் சேர்ப்பார்கள். மஞ்சளோடு கறுப்பு சேர்ந்தால் இருண்ட மஞ்சள் வராது, பாசிப்பச்சைதான் வரும். சிவப்போடு சேர்ந்தால் செத்த நிறம். கருமை தேவைப்பட்டால் பிரஷ்யனும் கிரிம்சனும் கலந்து ஒரு பொட்டு மஞ்சள் விடட்டும். கறுப்பென்றே தோன்றும், ஆனால் உயிரோடு இருக்கும். பத்து வயதுக்கு மேல் கறுப்பைக் கொடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்தப் பழுப்பு. வண்ணப் பெட்டிகளில் "தோல் நிறம்" என்று ஒரு வெளிர் ரோஜா வைத்திருக்கிறார்களே, அதை நாங்கள் வகுப்புக்குள் விடுவதில்லை. கிரேயோலா நிறுவனமே 1962-இல் "ஃபிளெஷ்" என்ற பெயரை நீக்கி அந்தக் கிரேயானுக்குப் "பீச்" என்று பெயர் வைத்துவிட்டது. நம் பெட்டிகளிலும் நம் பேச்சிலும் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை. வெர்மிலியனும் மஞ்சளும் சம அளவு கலந்தால் ஆரஞ்சு. அதில் அல்ட்ராமரைன் ஒரு நுனி, பழுப்பாகும். இன்னொரு நுனி, கரும்பழுப்பு. மஞ்சள் கூட்டினால் ஒரு தோல், சிவப்பு கூட்டினால் வேறொரு தோல். வெளுக்கச் செய்ய வெள்ளையை அள்ளிப் போட்டால் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆகிவிடும். முதலில் மஞ்சளையும் தண்ணீரையும் கூட்டிப் பார்த்து, கடைசியாகத்தான் வெள்ளை. பிள்ளையைத் தன் கையைத் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக் கலக்கச் சொல்லுங்கள். புறங்கை ஒரு நிறம், உள்ளங்கை வேறு நிறம், விரல் மடிப்பு மூன்றாவது நிறம் என்று தெரியவரும். அதைப் பார்த்த பிள்ளை "தோல் நிறம் எங்கே?" என்று திரும்பக் கேட்காது.

பிரஷ் விஷயத்தில் சுருக்கமாக முடித்துவிடலாம். ஒரு பிள்ளைக்கு இரண்டு போதும்: முக்கால் அங்குலத் தட்டை பிரஷ் ஒன்று, நைலான் முடி கொண்ட 8-ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று. பூஜ்யம், ஒன்று, இரண்டு எண்களைக் கொடுத்தால் பிள்ளைகள் பென்சிலைப் போலப் பிடித்து ஓரம் கட்டிக்கொண்டே இருப்பார்கள். ஏ3 தாளை அதில் நிரப்ப மூன்று மணி நேரம் ஆகும். பிரஷ் கெடுவது பெரும்பாலும் பூணில்தான், அதாவது முடியையும் கைப்பிடியையும் இணைக்கும் அந்தத் தகரப் பட்டையில். வண்ணம் பூணுக்குள் ஏறிக் காய்ந்தால் முடி விரிந்து துடைப்பம் ஆகிவிடும். பூண் வரை தோய்க்காமல், முடியின் பாதி வரை மட்டும் தோய்க்கப் பழக்குங்கள். குவளையில் முடி கீழே இருக்க ஊறவிட்டால் நுனி வளைந்துவிடும். கழுவிய உடனே முடி மேலே இருக்க நிறுத்தி வைத்தால் தண்ணீர் பூணுக்குள் இறங்கி, கைப்பிடி மரம் உப்பிப் பிறகு சுருங்கி, பூண் ஆடத் தொடங்கும். சோப்புப் போட்டு உள்ளங்கையில் சுழற்றி, நுரை வெள்ளையாகும் வரை கழுவி, விரலால் நுனியைச் சேர்த்து, படுக்க வைத்துக் காயவிட வேண்டும். வளைந்த நைலான் நுனியைக் கொஞ்ச நேரம் சூடான தண்ணீரில் பிடித்தால் பெரும்பாலும் நேராகிவிடும். அதை ஆசிரியர் செய்யட்டும்.

முதல் வகுப்பில் எதையும் வரைய வேண்டாம். நான்கு சொல்லைப் பழக்குங்கள்: கழுவு, துடை, தோய், தீட்டு. எல்லோரும் மறப்பது துடைப்பதை. வண்ணம் மாற்றும்போது பிள்ளை பிரஷ்ஷைக் குவளையில் கலக்கிவிட்டு நேரே மஞ்சளுக்குப் போகும். முடியில் நிற்கும் நீலத் தண்ணீர் மஞ்சள் குழிக்குள் இறங்கும். இப்படிப் பத்துமுறை நடந்தால் அந்தக் குழியில் இருப்பது பச்சைச் சாறு. பூணில் தொங்கிய சொட்டு, பிள்ளை வானத்தைத் தீட்டிக்கொண்டிருக்கும்போது சரியாக நடுவில் விழும். அந்தச் சொட்டு ஏன் அவ்வளவு கெடுதல் செய்கிறது என்றால், தாள் பாதி காய்ந்திருக்கும்போது புதுத் தண்ணீர் உள்ளே பரவி, அங்கே இருந்த நிறத்துகளைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் குவிக்கிறது. காய்ந்ததும் பூக்கோசு விரிந்தது போல ஒரு கறை. அதன்மேல் மறுபடி தீட்டினால் இன்னொரு கறைதான். ஆகவே இரண்டு பிள்ளைக்கு ஒரு பருத்தித் துணி கட்டாயம் வேண்டும். குவளை இரண்டு: ஒன்று அழுக்கைக் கழுவ, ஒன்று அலச. அடி அகலமான குவளையாக, பாதியளவே தண்ணீர். நிரப்பி வைத்தால் கவிழ்வது நிச்சயம். இடக்கைப் பிள்ளைகளுக்குக் குவளையும் பேலட்டும் இடப்பக்கம் இருக்கட்டும்; வலப்பக்கம் வைத்தால் ஒவ்வொரு முறையும் ஈரப் படத்தின் மேல் கை போய்வரும்.

வானம் போன்ற பெரிய பரப்புக்குத் தாளை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வண்ணம் விடும் முறையை எட்டு வயதிலிருந்தே கற்றுத்தரலாம். எப்போது வண்ணம் விடுவது என்பதில்தான் சூட்சுமம். தாளைக் கண்மட்டத்துக்குத் தூக்கிச் சாய்வாகப் பாருங்கள். கண்ணாடி போல மின்னினால் தண்ணீர் அதிகம், பொறுங்கள். மின்னுவது அடங்கி பட்டுத்துணி போல மங்கலாகப் பளபளத்தால் அதுதான் நேரம். பளபளப்பே இல்லாமல் தொட்டால் சில்லென்று மட்டும் இருந்தால் நேரம் தாண்டிவிட்டது, முழுக்கக் காயவிட்டுவிடுங்கள். இதற்கு வண்ணம் பால் பதத்தில் இருக்க வேண்டும். பரப்பை மூடி மறைக்கும் போஸ்டர் கலர் பூச்சுக்குத் தயிர்ப் பதம். அதற்கும் கெட்டியாக அப்பினால் காயும்போது சுருங்கி வெடித்து உதிரும். வெடிக்காமல் இருக்கச் சிலர் வெள்ளைப் பசை கலப்பார்கள். பூச்சு உறுதியாகும், ஆனால் பிரஷ்ஷில் காய்ந்தால் போகாது, உடையிலும் போகாது.

அக்ரிலிக்கை நாங்கள் மறுப்பதும் அதனால்தான். அதிலுள்ள பிளாஸ்டிக் துகள்கள் தண்ணீர் ஆவியானதும் ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாகிவிடுகின்றன. பிறகு தண்ணீரில் கரையாது. பத்து நிமிடம் கவனிக்காமல் விட்ட பிரஷ் போனதுதான். போஸ்டர் கலரும் கேக் கலரும் பெரும்பாலும் பிசின் வகைப் பசையில் ஆனவை. காய்ந்தாலும் ஈரம் பட்டால் இளகும். அதுவே அவற்றின் பலவீனமும்கூட. காய்ந்த பூச்சின்மேல் ஈர பிரஷ்ஷால் அழுத்தித் தேய்த்தால் கீழிருப்பது கரைந்து மேலே வந்து சேறாகும். மேற்பூச்சு என்றால் கீழ்ப்பூச்சு நன்றாகக் காய வேண்டும், வண்ணம் கெட்டியாக இருக்க வேண்டும், ஒரே இடத்தில் இரண்டு இழுப்புக்கு மேல் கூடாது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு, மேலங்கி போட்டுக்கொண்டு செய்வதென்றால், அக்ரிலிக் தாராளமாகத் தரலாம்.

ஒரு மணி நேரத்தை எப்படிப் பிரிப்பது? விரிப்பு, தண்ணீர், பேலட் வைக்க எட்டு நிமிடம். செய்து காட்டப் பத்து. தீட்ட முப்பது. சுத்தம் செய்யப் பன்னிரண்டு. இதைக் குறைக்காதீர்கள், குறைத்தால் ஆசிரியரே இரவு வரை கழுவ வேண்டிவரும். குழாய் தூரமாக இருந்தால் பத்து லிட்டர் வாளி இரண்டு, ஒன்றில் நல்ல தண்ணீர், ஒன்று அழுக்குக்கு. பேலட்டைக் கழுவுவதற்கு முன் பழைய செய்தித்தாளால் வழித்தெடுத்துவிட்டால் தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறையும், சாக்கடைக்கும் வண்ணம் போகாது. மிஞ்சிய வண்ணத்தை மறுபடி பாட்டிலில் ஊற்றவே கூடாது. பிரஷ் பட்ட வண்ணத்தோடு கிருமியும் சேர்ந்து உள்ளே போய், இரண்டு வாரத்தில் பாட்டிலே நாறும். நாறிய பாட்டிலைக் கொட்டிவிடுவதுதான் வழி.

எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு பொருள் உண்டு: காயவைக்கும் இடம். இருபது ஈரமான ஏ3 தாள் என்றால் இரண்டரைச் சதுர மீட்டர். கொடியில் உடனே கிளிப் போட்டுத் தொங்கவிட்டால் வானம் ஒழுகித் தரையில் சேரும். அடுக்கி வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டி இரண்டும் கிழியும். சுவரோரம் செய்தித்தாள் விரித்துப் படுக்க வைத்து, பளபளப்பு அடங்கியபின் கொடிக்கு மாற்றலாம். தீட்டத் தொடங்குமுன்பே பிள்ளையின் பெயரைத் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதிவிடுங்கள். மை கசிந்து ஊறும்.

பாதுகாப்பு பற்றிப் பட்டியலில் ஒரு வரிகூட இல்லை. மாணவர் தர வண்ணங்களில் ஆபத்து குறைவுதான், என்றாலும் லேபிளைப் படிக்க வேண்டும். "ஏஎஸ்டிஎம் டி-4236" என்ற அமெரிக்கத் தரக் குறி, நாள்பட்ட கேடு விளைவிக்கும் பொருள் உண்டா என்று ஆராய்ந்து, இருந்தால் லேபிளில் சொல்லியிருக்கிறார்கள் என்பதை மட்டுமே காட்டும். சிறுவருக்கு உகந்தது என்ற சான்று அல்ல. ஐரோப்பியப் பொம்மைப் பாதுகாப்புத் தரமான "இஎன் 71-3" என்பது ஈயம், காட்மியம் போன்ற தனிமங்கள் வெளியேறும் அளவுக்கு வரம்பு விதிக்கிறது. விரலால் பூசும் வண்ணங்களுக்குத் தனியே 71-7 உண்டு. நிறமிக் குறி அச்சிட்டிருந்தால் "பிஒய்34" என்பதைத் தவிருங்கள், அது ஈயக் குரோமேட். தூளாக வரும் வண்ணத்தைப் பிள்ளைகள் வருமுன் பெரியவர் ஒருவர் கரைத்து வைத்துவிட வேண்டும். மூச்சோடு தூசி போவதுதான் அங்கே கவலை. பிரஷ் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை முதல் நாளே நிறுத்துங்கள், வண்ணம் நச்சற்றதாகவே இருந்தாலும்.

இனி, வயது. கலைக்கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் சிறுவர் ஓவிய வளர்ச்சிக்கு வகுத்த படிநிலைகளை அச்சு அசலாகப் பின்பற்ற வேண்டியதில்லை, ஆனால் வகுப்பில் கண்ணால் காண்பதோடு அவை பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. ஏழெட்டு வயதில் தாளின் அடியில் ஒரு தரைக்கோடு, உச்சியில் ஒரு நீலப் பட்டை, நடுவில் வெறும் வெள்ளை. "வானம் கீழே வரை வரும், நிரப்பு" என்று அதட்டிப் பயனில்லை. அந்த வயதில் வானம் மேலே இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்பது, பத்தில் பிள்ளையே தன் படத்தைப் பார்த்து முகம் சுளிக்கும், தாளைக் கசக்கும். நுட்பம் கற்றுத்தர வேண்டிய நேரம் அது: முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும், தூரத்தில் இருப்பது சிறுத்து வெளுக்கும். இதையே ஆறு வயதில் திணித்தால், இரண்டு மலை, நடுவே சூரியன், கீழே ஆறு என்று எங்கோ பார்த்த படத்தைப் பிள்ளை திருப்பித் திருப்பிப் போட்டுத் தப்பித்துக்கொள்ளும்.

பிள்ளையின் தாளில் ஆசிரியர் கைவைக்கக் கூடாது. காட்ட வேண்டியதைத் துண்டுத் தாளில் காட்டுங்கள். "அழகாக இருக்கு" என்பதைவிட "இந்தப் பச்சையை எப்படிக் கொண்டுவந்தாய்?" என்று கேட்டால் பிள்ளை தான் செய்ததை வரிசையாகச் சொல்லும், அடுத்தமுறை அதைத் திரும்பச் செய்யவும் தெரியும். படம் சேறாவது பெரும்பாலும் கடைசி ஐந்து நிமிடத்தில். முடித்துவிட்ட பிள்ளை சும்மா இருக்க முடியாமல் தேய்த்துக்கொண்டே இருக்கும். அப்போது நீட்டுவதற்குப் பாதி அளவுத் தாள் ஒரு கட்டு தயாராக இருக்க வேண்டும்.

பேலட்டின் வரிசை மாறக் கூடாது என்றோமே, அதற்குக் காரணம் நிறக்குறைபாடு. சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கலாம். எக்ஸ் குரோமோசோம் வழியே வருவதால் ஆண் பிள்ளைகளிடம் பல மடங்கு அதிகம். இலையைப் பழுப்பாகத் தீட்டிய பையனைக் கேலி செய்வதற்கு முன் இதை நினைக்க வேண்டும். வரிசை மாறாமல், குழிக்குப் பக்கத்தில் பெயரும் எழுதியிருந்தால் அவன் யாரையும் கேட்காமல் வேலை செய்வான்.

தங்களிடம் எங்கள் வேண்டுகோள் இரண்டு. அந்தப் பட்டியலைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள்: இருபது பிள்ளைக்கு மாதம் நான்கு வகுப்பு என்றால் 200 ஜிஎஸ்எம் ஏ3 தாள் 100, மேலே சொன்ன ஆறு நிறம், தட்டை பிரஷ் 20, உருண்டை பிரஷ் 20, தாள் ஒட்டும் கெட்டி அட்டை 20, மாஸ்கிங் டேப், பருத்தித் துணி, குவளை, இரண்டு வாளி. இரண்டாவது, சிறுவர் பகுதியில் படங்களை வெளியிடும்போது பெயரோடு வயதையும், எந்த வண்ணத்தில் தீட்டியது என்பதையும் அச்சிடுங்கள். கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஓரம் கட்டிய படங்களையே தொடர்ந்து தேர்ந்தெடுத்தால், அடுத்த வாரம் எங்கள் வகுப்பில் இருபது பேரும் ஸ்கெட்ச் பேனாவோடு வந்து நிற்கிறார்கள்.

இப்படிக்கு,
சமுதாயப் பள்ளிகளில் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் சிலர்